படிவத்தின் பின்பக்கம்

ஜனவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இதை எழுதுவது நான்தான். பக்கத்தில் யாரும் இல்லை. சந்தேகமாக இருந்தால் என் தங்கையிடம் காட்டுங்கள். ஆனால் அவளுக்கும் என் எழுத்து அடையாளம் தெரியாது. போன வருஷம் வரை எனக்கே தெரியாது.

ஏழு மாதத்துக்கு முன்னால் உங்கள் மகள் கல்யாணத்தில், சாப்பாட்டு மேசையில் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? புது மருத்துவக் காப்பீடு வரட்டுமே, எல்லாருக்கும் ஒரே அட்டை என்றால் நல்லதுதானே என்று நான் சொன்னேன். "ஒரு வரி படிக்கத் தெரியாது, சட்டத்தைப் பத்திப் பேச வந்துட்டீங்களா மச்சான்?" என்று கேட்டீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு நீங்கள் எத்தனை தடவை போன் செய்தும் எடுக்கவில்லை.

அந்த வார்த்தைக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். வந்த கோபத்தில் மறுவாரமே மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். முதல் மாதம் எத்தனை பென்சிலை உடைத்தேன் என்று கேட்காதீர்கள். முப்பத்தேழு வருஷம் டிப்போவில் பஸ் கழுவிய கை இது. ஒரு பென்சிலை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. தினமும் டிப்போ வாசலில் போய் நின்று, வெளியே வருகிற பஸ்களின் போர்டைப் படிக்கிறேன். அத்தனை வருஷம் அவற்றைக் குளிப்பாட்டினேன் மாப்பிள்ளை, எங்கே போகின்றன என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்!

ஒரே ஒரு சங்கடம். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. அதனால்தான் எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கிறது. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், விட்டால் ஒரு வருஷத்தில் படிக்க முடியாது என்கிறார் டாக்டர். எனக்கு எந்தக் காப்பீடும் கிடையாது. கையிலும் அவ்வளவு இல்லை. டிப்போவில் எங்களை வேலைக்கு வைத்தது காண்ட்ராக்டர். வருஷா வருஷம் காண்ட்ராக்டர் மாறுவார், நாங்கள் வருஷா வருஷம் புது ஆள். புதுச் சட்டம் வந்தால் எனக்கும் அட்டை உண்டு. ஆனால் வரைவில் முப்பத்தொன்றாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஏற்கனவே உள்ள நோய்க்கு இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டுமாம். அட்டை கைக்கு வரும்போது அதில் என் பெயரைப் படிக்க எனக்குக் கண் இருக்காது.

அந்தப் பிரிவை எடுக்கச் சொல்லத்தான் அரசு அனுப்பியிருக்கிற கருத்துப் படிவத்தில் எழுதப்போகிறேன். உங்கள் வீட்டுக்கும் படிவம் வந்திருக்குமே? இங்கே எங்கள் கட்டிடத்தில் பாதிப் பேருக்குப் படிவம் என்றாலே பயம். "ரைட்டரே, எனக்கும் எழுதிக் குடுங்க" என்று வந்துவிடுகிறார்கள். ஆமாம், இப்போது என் பெயர் ரைட்டர்! எல்லாருக்கும் நானே எழுதுகிறேன்.

இந்த ஒரு கடிதம் எழுத நான்கு நாள் ஆனது. போனில் பேசினால் நீங்கள் நடுவில் புகுந்து பேசுவீர்கள். கடிதத்தில் அது முடியாது. பதில் போடுங்கள்.

உங்கள் மச்சான்

*

ஜனவரி 17

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

தங்கள் 9-ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. வழக்கம்போல டைப் செய்தே பதில் எழுதுகிறேன். மில் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவனுக்குப் பேனா பிடித்தால் எழுத்து கிறுக்கலாகத்தான் வருகிறது.

தங்கள் கடிதத்தில் இருபத்திரண்டு பிழைகள் இருந்தன. சிவப்புப் பேனாவால் திருத்தி அனுப்பலாம் என்று எடுத்தேன். தங்கள் தங்கை பிடுங்கிக்கொண்டாள். "எங்கண்ணன் எழுதினதுல கை வச்சீங்கன்னா இன்னைக்கு அடுப்பு எரியாது" என்றாள். பிறகு அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். எனவே நினைவிலிருந்துதான் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

கல்யாணத்தில் சொன்னதை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சட்டத்தைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. கண் விஷயம் கேட்டு வருத்தப்பட்டேன், அது வேறு. தங்கள் தங்கைக்கு இதயத்தில் கோளாறு என்பது தங்களுக்குத் தெரியும். பதினோரு வருஷமாக ஒரே டாக்டர். மில்லின் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் அரை மணி நேரத்தில் பார்த்துவிடுகிறார். நாளைக்கு ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் அட்டை கொடுத்தால் அந்த டாக்டரின் வாசலில் எத்தனை பேர் நிற்பார்கள்? டாக்டர் ஒருவர்தானே? இருக்கிறவர்களிடமிருந்து பிடுங்கி இல்லாதவர்களுக்குக் கொடுப்பது சீர்திருத்தம் ஆகுமா? எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் எதிர்ப்பு. செயலாளர் என்ற முறையில் படிவங்களை நானே டைப் செய்து அனுப்பிவிட்டேன்.

தாங்கள் கட்டிடத்தார் அனைவருக்கும் எழுதிக் கொடுப்பது தங்கள் விருப்பம். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

*

ஜனவரி 30

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இருபத்திரண்டுதானா? டீச்சர் கண்டுபிடித்தால் இன்னும் வந்திருக்கும்.

படிவங்கள் போய்விட்டன! மொத்தம் அறுபத்தொன்று. நேற்று நானே தபால் பெட்டியில் போட்டேன். பெட்டியின் வாய் சின்னது, ஐந்து ஐந்தாகப் போட வேண்டியிருந்தது.

எங்கள் கட்டிடத்தைப் பற்றிச் சொல்கிறேன். எதிர்வீட்டில் ஒரு வெல்டர். அவர் மனைவிக்குச் சர்க்கரை. மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்கிறாள் என்று அவர் சொன்னார். நான் அதை அப்படியே எழுதினேன். கீழ்வீட்டுத் தையற்காரம்மா எழுந்து கத்தரியைத் தட்டித் தட்டிச் சொன்னாள்: "எழுதுங்க ரைட்டரே. எனக்குக் காய்ச்சல் வந்தா நான் தைக்கணும். மெஷினுக்குக் காய்ச்சல் வந்தா ரிப்பேர்க்காரர் வீட்டுக்கே வர்றாரு. எங்களை விட மெஷின் உசத்தியா?" காரணம் எழுத ஐந்து வரிதான் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு ஓரத்திலும் எழுதினேன்.

உங்கள் கட்சிக்காரரும் ஒருவர் உண்டு. மூன்றாம் மாடி டாக்ஸிக்காரர். வலது கையில் மாவுக்கட்டு, அதனால் என்னிடம் வந்தார். "நான் கட்டுற வரியில கண்டவனும் வைத்தியம் பாத்துக்கிறதா? எதிர்ப்புன்னு போடுங்க" என்றார். "அந்தக் கட்டுக்கு யார் காசு?" என்று வெல்டர் கேட்க, இருவருக்கும் பெரிய சண்டை. நான் எதிர்ப்பு என்றே போட்டேன். அவர் சொன்ன காரணத்தை ஒரு வார்த்தை குறைக்காமல் எழுதினேன். படித்துக் காட்டியதும் அவருக்கே கொஞ்சம் வெட்கம்.

இப்போது முக்கியமான விஷயம். நீங்கள் அந்த வரைவை முழுசாகப் படித்தீர்களா? வகுப்பில் ஒரு பிரதி வைத்திருக்கிறார்கள். நாற்பத்தெட்டுப் பக்கம். நான் தினமும் ஒரு பக்கம் படிக்கிறேன். ஒரு வார்த்தையைத் தாண்டிப் போக எனக்கு இன்னும் தெரியாது, அதனால் எல்லா வார்த்தையையும் படித்துத்தான் ஆக வேண்டும். நேற்று நாற்பத்து நான்காம் பிரிவுக்கு வந்தேன். அதை அப்படியே எழுதுகிறேன்:

"நிறுவனங்கள் வழங்கும் காப்பீடு, ஓய்வு பெற்ற ஊழியருக்கு மட்டும் தொடரும். அவரது துணைவர் பொதுக் காப்பீட்டில் புதிய உறுப்பினராகச் சேர்க்கப்படுவார்."

மூன்று தடவை படித்தேன். பிறகு டீச்சரைப் படிக்கச் சொன்னேன். ஊழியர் என்றால் நீங்கள். துணைவர் என்றால் என் தங்கை. புதிய உறுப்பினர் என்றால் அவளுக்கும் முப்பத்தொன்றாம் பிரிவு. அவள் இதயத்துக்கும் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை, நான் தப்பாகப் படித்தேன் என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் இந்த ஒரு தடவை கோபப்பட மாட்டேன்.

உங்கள் மச்சான்

*

பிப்ரவரி 6
விரைவுத் தபால்

மச்சானுக்கு,

காலையிலிருந்து ஒன்பது தடவை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. இன்னும் எடுக்கக் கூடாது என்ற வைராக்கியம்தான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். சங்க அலுவலகத்தில் வரைவு மூன்று மாதமாக இருக்கிறது. நான் முதல் பத்துப் பக்கமும் கடைசி இரண்டு பக்கமும் படித்துவிட்டு அறிக்கை எழுதினேன். இத்தனை வருஷம் இப்படித்தான் எல்லாக் காகிதத்தையும் படித்திருக்கிறேன். நாற்பத்து நான்காம் பிரிவை நேற்றுச் சங்கத்தில் வாசித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் நூற்று எழுபது பேருக்குத் துணைவர் இருக்கிறார்கள். தலைவர் விசிறியை நிறுத்தச் சொன்னார், எதற்கென்று தெரியவில்லை.

முப்பத்தொன்றாம் பிரிவை நீக்க வேண்டும் என்று இன்று காலை சங்கத்தின் பெயரில் கூடுதல் மனு அனுப்பிவிட்டேன். சட்டத்துக்கு எதிர்ப்பு எதிர்ப்புதான். ஆனால் அந்தப் பிரிவில் நாம் இருவரும் ஒரே பக்கம்.

அடுத்ததை எழுதுவதற்கு முன் காகிதத்தை இரண்டு தடவை மெஷினிலிருந்து உருவி எடுத்தேன்.

உங்கள் படிவங்கள் செல்லாது மச்சான். படிவத்தின் பின்பக்கம், அடியில், சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. பிறருக்காக எழுதிக் கொடுப்பவர் ஒவ்வொரு படிவத்திலும் தன் பெயரை எழுதிக் கையொப்பமிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே கையெழுத்தில் வருபவை போலி என்று தள்ளப்படும். உங்கள் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது.

எனக்குத் தெரியும். எங்கள் படிவங்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் நான் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பினேன். எல்லாருக்கும் நானே எழுதுகிறேன் என்று உங்கள் முதல் கடிதத்தில் படித்ததுமே எனக்கு அந்த வரி ஞாபகம் வந்தது. "அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை" என்று எழுதினேன். மறந்துவிட்டேன் என்று இப்போது எழுதலாம், நீங்களும் நம்புவீர்கள். மறக்கவில்லை. ஆதரவில் கொஞ்சம் குறையட்டும் என்று நினைத்தேன். உங்கள் தங்கையிடம் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

கடைசி நாள் 14. எழுதியவர் படிவங்கள் போய்ச் சேர்ந்த அலுவலகத்துக்கு நேரில் போய், அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டால் சேர்த்துக்கொள்வார்கள் என்று விதி இருக்கிறது. விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மாலை நான்கு மணிக்குக் கவுன்டர் மூடிவிடும். தயவுசெய்து போங்கள்.

மாப்பிள்ளை

*

பிப்ரவரி 16

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் 13-ஆம் தேதி வந்தது. விரைவுத் தபால் என்று மேலே பெரிதாக ஒட்டியிருந்தது, ஏழு நாள்.

படித்துவிட்டு மடித்து வைத்தேன். படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக நினைத்தேன். கல்யாணத்தில் நீங்கள் சொன்னதை எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். இதைச் சொல்லாமல் செய்தீர்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது இரண்டாவதுதான். ஆனால் அதை நீங்களே எழுதி அனுப்பினீர்கள். நீங்கள் எழுதாவிட்டால் எனக்குச் சாகிற வரை தெரிந்திருக்காது. அதனால் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு நடந்ததைச் சொல்கிறேன். வைக்காவிட்டால் சொல்ல முடியாது. அவ்வளவு நன்றாக இருந்தது அந்த நாள்!

14 காலையில் எங்களைக் கூட்டிக்கொண்டு போனது யார் தெரியுமா? டாக்ஸிக்காரர்தான். முந்தின வாரம்தான் கட்டைப் பிரித்திருந்தார்கள். நான், வெல்டர், தையற்காரம்மா மூவரும் ஏறினோம். மற்றவர்கள் பஸ்ஸில் வந்தார்கள்.

கவுன்டரில் ஒரு அம்மா. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். எங்கள் கட்டு "ஐயத்துக்குரியவை" என்று எழுதிய தட்டில் இருந்தது. நானே படித்துக் கண்டுபிடித்துக் கையைக் காட்டினேன்.

"இத்தனையும் நீங்க ஒருத்தரே எழுதினீங்களா? எப்படி நம்புறது?" என்றார்.

"ஒரு பேப்பர் குடுங்கம்மா, எழுதிக் காட்டுறேன்."

எழுதினேன். அவர் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "இந்த எழுத்தை இன்னொருத்தர் எழுதவே முடியாது" என்றார் அவர். அது பாராட்டா என்று எனக்குத் தெரியவில்லை. அதை ஏற்றுக்கொண்டார்கள், அது போதும்.

பிறகு ஒவ்வொரு படிவத்தின் பின்னாலும் முழுப் பெயர், வீட்டு எண், கையெழுத்து. சம்பளம் வாங்கிய காலமெல்லாம் கட்டைவிரல் உருட்டியவன் நான். ஒன்றுக்கு நான்கு நிமிஷம் ஆனது. பதினோரு மணிக்கு ஆரம்பித்தேன். அந்த வரி எனக்குத் தெரியவில்லை, வெறும் அழுக்கு மாதிரி இருந்தது. தையற்காரம்மா ஒவ்வொன்றிலும் இடத்தை விரலால் காட்டினாள். வெல்டர் எண்ணிக்கொண்டே வந்தார். "இருபது. தண்ணி குடிங்க ரைட்டரே. இருபத்தொண்ணு." சாப்பாட்டு நேரத்தில் கவுன்டரை அரை மணி மூடினார்கள். நான் அப்போது கையை உதறிக்கொண்டு நின்றேன். நாற்பதுக்கு மேல் என் பெயர் எனக்கே யாரோ போலத் தோன்றியது. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களும் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. இன்னும் மூன்று படிவம். மேலே இருந்தது டாக்ஸிக்காரருடையது. அவரே குனிந்து சொன்னார்:

"பெரியவரே, என்னுதை விட்டுடுங்க. மத்த ரெண்டையும் போட்டுருங்க. நான் எப்படியும் எதிர்ப்புதானே."

"நீ சும்மா இருப்பா" என்று சொல்லிவிட்டு அவருடையதில்தான் முதலில் போட்டேன். உங்களைச் சீண்டுவதற்காக இதை எழுதவில்லை. அப்போது உங்கள் நினைவு வரவில்லை என்று சொன்னால் பொய்.

அறுபதாவது முடிந்தபோது மணி அடித்துவிட்டது. ஷட்டரை இழுக்க ஒருவர் வந்தார். கவுன்டர் அம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "என் வாட்சுல இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு, நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க" என்றார். அறுபத்தொன்றையும் போட்டேன். அந்த ஹாலில் எல்லாரும் கை தட்டினார்கள் மாப்பிள்ளை! யாருக்காவது வேலை உயர்வு என்று நினைத்து உள்ளேயிருந்து பெரிய அதிகாரியே வந்து எட்டிப் பார்த்தார்.

தங்கையைப் பேசச் சொல்லுங்கள். நான் பேசுகிறேனே, அவளுக்கு என்ன? ஆனால் போனை இன்னும் எடுக்க மாட்டேன். அது கோபத்தில் இல்லை. பேசிவிட்டால் நீங்கள் எழுத மாட்டீர்கள்.

உங்கள் மச்சான்

*

ஏப்ரல் 11

அன்புள்ள மச்சான்,

செய்தித்தாளை நீங்களே படித்திருப்பீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன். சட்டம் நிறைவேறிவிட்டது. ஆதரவு கொஞ்சம்தான் கூடுதல். நாடு நம் சாப்பாட்டு மேசை மாதிரி இரண்டாகப் பிரிந்திருந்தது. ஆனால் முப்பத்தொன்றாம் பிரிவை எடுக்கச் சொல்லி இரண்டு பக்கமிருந்தும் கருத்து குவிந்துவிட்டதாம். முழுசாக எடுக்கவில்லை. இரண்டு வருஷத்தை மூன்று மாதமாகக் குறைத்திருக்கிறார்கள், டாக்டரைப் பார்க்க மட்டும் காத்திருக்க வேண்டாம்.

நாற்பத்து நான்கு அப்படியே இருக்கிறது. உங்கள் தங்கைக்குப் பொது அட்டை வந்துவிட்டது. மில் அட்டை செல்லுபடியாக இருந்தபோதே மூன்று மாத மாத்திரையை டாக்டர் முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டார். அதே டாக்டர்தான். ஆனால் அரை மணி காத்திருந்த இடத்தில் நேற்று இரண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். நான் சொன்னது நடந்ததா இல்லையா? என் பக்கத்தில் ஒரு கொத்தனார். வாழ்க்கையில் முதல் தடவையாக இதய டாக்டரைப் பார்க்க வந்திருக்கிறார். "மூணு வருஷமா நெஞ்சு அடைக்குது சார்" என்றார். அவரிடம் என் புகாரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

உங்கள் மூன்று மாதம் ஜூலை 3-ஆம் தேதியோடு முடிகிறது. நாள் வாங்கிவிட்டீர்களா? துணைக்கு உங்கள் தங்கை வருகிறாள். அவள் திரும்பிப் பேச ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. பேச்சு முழுவதும் உங்களைப் பற்றித்தான்.

இந்தக் கடிதத்தைக் கையால் எழுதினேன். என் கிறுக்கலையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை

*

ஜூலை 22

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வலது கண் முடிந்தது! இடது கண் அடுத்த மாதம். தங்கை முன்னாலேயே போன் செய்து சொல்லியிருப்பாள். அவள் சொன்னதில் பாதி மிகை. மீதியை நான் எழுதுகிறேன்.

ஆபரேஷன் இருபது நிமிஷம். ஒரு பஸ்ஸின் கண்ணாடியைக் கழுவ எனக்கு அதைவிட அதிக நேரம் ஆகும். நேற்றுப் பார்வையைச் சோதிக்கக் கூப்பிட்டார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கென்று ஒரு அட்டை உண்டு. மூன்று கால் பூச்சி மாதிரி ஒரு குறி இருக்கும். கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று கையால் காட்ட வேண்டும். நர்ஸ் என் வயதைப் பார்த்து நேராக அதை எடுத்து மாட்டினாள்.

"அது வேண்டாம்மா. எழுத்து இருக்கிறதை மாட்டு" என்றேன்.

மாட்டினாள். முதல் வரியில் ஒரே எழுத்து, யானை அளவு. அடுத்த வரி, அதற்கடுத்த வரி, எல்லாம் படித்துக்கொண்டே போனேன். வரி இறங்க இறங்க எழுத்து சிறுத்துக்கொண்டே போனது, என் குரல் பெரிதாகிக்கொண்டே போனதாம். வாசலில் நம்பர் சீட்டோடு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தங்கை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"போதும் தாத்தா. கடைசி வரி வரைக்கும் வந்துட்டீங்க. பார்வை ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் நர்ஸ்.

"இன்னும் ஒரு வரி இருக்கேம்மா, கீழே."

"அது சோதனைக்கு இல்ல. அட்டையை அச்சடிச்சவங்க விலாசம். அதை யாரும் படிக்கிறதில்ல."

"எழுத்துதானே? இரு."

அச்சகத்தின் பெயரைப் படித்தேன். கதவு எண்ணைப் படித்தேன். தெரு, தபால் பெட்டி எண், அனுமதியின்றி மறுபதிப்புச் செய்யக் கூடாது என்பது வரை படித்தேன். வரிசையில் யாரோ, "தாத்தா, அடுத்து ஆள் நிக்குது" என்று கத்தினார். தொலைபேசி எண் மட்டும்தான் பாக்கி. அதையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். கடைசி எண் ஏழு.

நர்ஸ் அட்டைக்குப் பக்கத்தில் போய், குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஆமா, ஏழுதான்" என்றாள்.

உங்கள் மச்சான்